நாலு மணிக்கு மூடும் பக்கம்

நமுனுகுலப் பக்கம் அந்தத் தோட்டத்தில் கலாராணியை யாருக்கும் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் காலையில் விட்டுவிட்டுப் போகும் கைக்குழந்தைகளைப் பதினேழு வருஷமாகப் பார்க்கிறாள். குழந்தைகளிடம் ஒரு அதட்டல் கிடையாது. அந்தப் பொறுமையெல்லாம் அங்கேயே செலவாகிவிடும் போல, பெரியவர்களுக்கு மிச்சம் வைத்ததே இல்லை. கூரைத் தகரம் ஓட்டை என்று மனு, பால்மா வரவில்லை என்று மனு, கக்கூஸ் கதவுக்கு ஒரு மனு. புருஷன் ஜீவன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். மாதம் ஒருமுறை வந்து, உன்னோடு சண்டை பிடிக்க லீவு பத்தாது என்று சொல்லிவிட்டு மறுநாளே பஸ் ஏறுவான்.

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் அவளுடைய காம்பராவில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. பசறையில் புஹாரி கடையில் வாங்கியது. இன்டர்நெட் தோட்டத்து ஆபீஸிலிருந்து வருகிறது. ஏதோ ஒரு நிறுவனம் பிள்ளைக்காம்பராக் கூரையில் அன்டெனா வைத்துக் கொடுத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இவள் வீடு. ஒரு வயரை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஆபீஸ் தடுத்தது. அதற்கும் மனு எழுதி வென்றாள்.

அந்த வியாழக்கிழமை அவளுக்கு வேறு எந்த நாளையும் போல் இல்லை. சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் வேலைக்கு விண்ணப்பம் போடக் கடைசி நாள். பின்னேரம் நாலு மணிக்கு இன்டர்நெட்டில் அந்தப் பக்கத்தை மூடிவிடுவார்கள். தபாலில் எடுக்கமாட்டார்கள். பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பான அந்த உத்தியோகத்துக்கு இதுவரை வெளியூரிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேருக்கும் குழந்தைக்கு எப்படிப் பால் கரைப்பது என்று காட்டிக்கொடுத்தது கலாராணி. சம்பளமும் குவாட்டர்ஸும் அவர்களுக்கு. இவள் பதுளைக்குப் போய் டிப்ளோமா முடித்து, அந்தச் சான்றிதழ் முந்தாநாள்தான் கையில் கிடைத்தது. வயது எல்லை நாற்பத்தைந்து. வருகிற மாசியில் இவளுக்கு நாற்பத்தைந்து முடிகிறது. இதை விட்டால் இனிமேல் இந்தக் கதவு இல்லை.

அரை நாள் லீவு போட்டுவிட்டு பதினொரு மணிக்கு உட்கார்ந்தாள். பக்கம் திறக்கவில்லை. தளத்தின் முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. வேறு பக்கங்களைப் பார்த்தாள். எதுவும் இல்லை. வயரைப் பிடுங்கிச் செருகினாள். பச்சை லைட் நன்றாகத்தான் எரிந்தது.

அவள் ஒரு நொடிகூட மெஷினைச் சந்தேகப்படவில்லை. நேராக ஆபீஸைச் சந்தேகப்பட்டாள். அதற்குக் காரணம் இருந்தது. லயத்தில் வீட்டுக்கு நம்பர் கிடையாது, தெரு கிடையாது. வருகிற கடிதம் எல்லாம் தோட்டத்து ஆபீஸுக்கு வரும். ஆபீஸில் கடிதம் சுமக்கும் தப்பால்காரன் பேரைப் பார்த்து, இன்னார் இன்ன லயம் என்று ஞாபகத்தில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் உண்டு. ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே வேலைக்கு வந்த நேர்முகக் கடிதம் ஒன்பது நாள் ஆபீஸ் மேசையில் கிடந்து, நேர்முகம் முடிந்த பிறகு அவள் கைக்கு வந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. போதாததற்கு, இந்தச் செவ்வாய்க்கிழமை ஆபீஸ் கூரையில் யாரோ ஏறி எதையோ மாட்டிப் பூட்டினார்கள். கணக்குச் சரியாக வந்தது அவளுக்கு. மறுபடியும் மறிக்கிறான்கள்.

குடையை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கு இறங்கினாள். பெரிய கிளாக்கர் சோற்றுப் பார்சலைப் பிரிக்கும் நேரம். வாசலில் நின்றே ஆரம்பித்தாள். ஏழைகளின் வழியை மறிப்பது பரம்பரைத் தொழில் என்பதுவரை சொன்னாள். கிளாக்கர் கையைத் துடைத்துக்கொண்டு, தன் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். அதே பக்கம். பளிச்சென்று திறந்திருந்தது.

“ரெண்டு பேருக்கும் இன்டர்நெட் கோடு ஒண்ணுதான். எனக்குத் தொறக்குது, ஒங்களுக்குத் தொறக்கல. அப்ப கோளாறு எங்க இருக்கு?”

அப்படியானால் இதிலேயே போட்டுவிட்டுப் போகிறேன் என்றாள்.

“ஆபீஸ் மெஷின்ல வெளியாள் கை வைக்க ஏலாது. துரைக்கு எழுதிக் கேளுங்க. எழுதத்தான் ஒங்களுக்கு நல்லா வருமே.”

சான்றிதழ்கள் எல்லாம் ஸ்கேன் பண்ணி அவள் வீட்டு மெஷினுக்குள் இருந்தன. அதைச் சொல்லிக் கெஞ்ச அவள் பிறக்கவில்லை. கிளாக்கரைத் திட்டிக்கொண்டே ஏறி வந்தாள். ஆனாலும் ஒன்று தெளிவானது: கோடு செத்துப்போகவில்லை. எதிரி கொடுத்தாலும் தகவல் தகவல்தான்.

மணி ஒன்றரை. பன்னிரண்டு மணி பசறை பஸ் போய்விட்டது, அடுத்தது மூன்றுக்கு. போய் இறங்கவே நாலாகும். அவளிடம் இருப்பது பட்டன் போன். அதற்கும் லயத்தில் சிக்னல் கிடையாது. தண்ணீர் பிடிக்கும் பீலியடிக்குப் போனால்தான் இரண்டு கோடு வரும். அங்கே நின்று புஹாரி கடைக்கு எடுத்தாள். எடுத்தது அவருடைய மகள் றிஸ்னி. கடையின் ரிப்பேர் வேலையெல்லாம் அந்தப் பெண்தான்.

“கலாராணியக்காவா? போன வருஷம் சனத்துக்கு முன்னால கள்ளி எண்டு சொன்னீங்களே, அந்தக் கள்ளிதான் பேசுறேன். சொல்லுங்க.”

விஷயத்தைச் சொன்னாள். மன்னிப்பு மட்டும் சொல்லவில்லை. றிஸ்னியும் அதற்காகக் காத்திருக்கவில்லை. மெஷினுக்கு முன்னால் இருந்தால்தான் பார்க்கலாம், பீலிக்கு முன்னால் நின்று என்ன செய்வது என்று கேட்டாள்.

பீலியில் துணி அலசிக்கொண்டிருந்தது பக்கத்துக் காம்பரா ரெங்கம்மா. அவளுடைய கோழிகள் கலாராணியின் பாத்தியைக் கிளறி, அதற்குத் தொழிற்சங்கத்துக்கு மனுப் போய், இரண்டு வருஷமாக இரண்டு பேரும் பேசுவதில்லை. ரெங்கம்மா ஈரக் கையை நீட்டினாள்.

“போனக் குடு. நான் இங்கன நின்னு சொல்றேன், நீ உள்ள போயி அமுக்கு.”

“ஒனக்கு என்னா வந்துச்சி?”

“அந்த வேல கெடச்சா குவாட்டர்ஸ் குடுப்பாங்கல்ல. நீ போயிட்டா ஏங் கோழியாவது நிம்மதியா மேயும்.”

இதைவிட நேர்மையான உதவி அந்த லயத்தில் கிடைக்காது. போனைக் கொடுத்தாள்.

நாற்பது அடி தூரம். றிஸ்னி சொல்வதை ரெங்கம்மா கத்த வேண்டும், கலாராணி திரையில் வருவதைத் திருப்பிக் கத்த வேண்டும். முதலில் திரையில் கட்டளை அடிக்கும் கறுப்புப் பெட்டியைத் திறந்து, நாலு எட்டு அடித்து, நடுவில் புள்ளி வைத்து, பதில் வருகிறதா என்று பார்க்கச் சொன்னாள் றிஸ்னி. பதில் நாலு வரி வந்தது. அதே இடத்தில் எட்டுக்குப் பதிலாக ஒரு பக்கத்தின் பேரை அடிக்கச் சொன்னாள். பதில் இல்லை. ரெங்கம்மா போனைக் காதிலிருந்து எடுத்து, தன் பாஷையில் சொன்னாள்:

“வயருக்கு ஒண்ணும் இல்லியாம். நம்பர் சொன்னா போகுதாம். பேரச் சொன்னாத்தான் வழி தெரியலியாம். வழி கேக்குற ஆளு வாயத் தொறக்கலியாம்.”

கலாராணிக்கு அது உடனே புரிந்தது. தப்பால்காரனிடம் பேரைக் காட்டி லயம் கேட்பது மாதிரி, மெஷினும் ஒவ்வொரு பேருக்கும் நம்பரை யாரிடமோ கேட்கிறது. யாரிடம் என்று பார்க்க, றிஸ்னி சொன்ன வழியில் நாலைந்து பெட்டிகளைத் திறந்து போனாள். கடைசிப் பெட்டியில் கையால் அடித்த ஒரு நம்பர் இருந்தது. யார் அடித்தது என்று கத்தினாள்.

பதில் சிரிப்போடு வந்தது. றிஸ்னிதான் அடித்தாள், அடிக்கச் சொன்னது கலாராணி. மெஷின் வாங்கின அன்று, ஆபீஸ்காரன் சொல்கிற வழியில் என் பெட்டி போகக் கூடாது, வேறு ஆளிடம் கேட்கட்டும் என்று கடையில் நின்று அடம்பிடித்தாளாம். அதனால் வெளிநாட்டில் எவனோ நடத்தும் நம்பரைப் போட்டுக் கொடுத்தார்களாம்.

ரெங்கம்மா கத்தினாள்: “அப்ப அத எடுத்துட்டு அந்த நாலு எட்டப் போடச் சொல்லுது. அதுவும் வழி சொல்லுமாம்.”

போட்டாள். மெஷினை அணைத்து எழுப்பினாள். அந்தக் கிழட்டு மெஷின் எழும்ப இருபது நிமிஷம் எடுத்தது. பக்கம் திறக்கவில்லை. மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

றிஸ்னி, இந்தக் கிழமை ஆபீஸில் புதிதாக ஏதாவது பூட்டினார்களா என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமை என்றாள் ரெங்கம்மா. அதுதான் விஷயம். ஆபீஸின் புதுப் பெட்டி தன்னைத் தவிர வெளியில் எவனிடமும் வழி கேட்க விடவில்லை. ஒரு வார்த்தை யாருக்கும் சொல்லாமல் அப்படிப் பூட்டியிருக்கிறார்கள். கலாராணி மறிக்கிறான்கள் என்று நினைத்தது முழுப் பொய் இல்லை. ஆனால் ஆபீஸைக் கேட்டே போகிற எல்லோருக்கும் பக்கம் திறக்கிறது. கேட்கமாட்டேன் என்றவளுக்குத்தான் அடைபட்டது.

“அந்தக் கடைசிப் பெட்டியில ரெண்டு புள்ளி இருக்குமாம். மேல உள்ளத அமுக்கினா அதுவா ஆபீஸக் கேட்டுக்குமாம்.” ரெங்கம்மா நிறுத்தினாள். “என்னாடி, தூங்கிட்டியா?”

கலாராணி மவுஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினேழு வருஷத்தில் அந்த ஆபீஸைக் கேட்டு அவளுக்கு எதுவும் கிடைத்ததில்லை. எடுத்ததெல்லாம் சண்டை போட்டு எடுத்தது. மூன்று பதினைந்து. பல்லைக் கடித்துக்கொண்டு மேல் புள்ளியை அமுக்கினாள்.

பக்கம் திறந்தது.

எழுதி, சான்றிதழ்களை ஒவ்வொன்றாக ஏற்றி, டிப்ளோமா இரண்டு முறை நின்றுபோய், நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது விண்ணப்பம் கிடைத்தது என்று ஒரு நம்பரோடு வந்தது. நம்பரைச் சுவர்க் கலண்டரில் எழுதினாள். ரெங்கம்மா வாசலில் நின்று போனை நீட்டினாள்.

“போச்சா?”

“போச்சி.”

“றிஸ்னிகிட்ட ஒரு வார்த்த சொல்லேன்டி.”

“நாளைக்கு ஆபீஸுக்கு மனு எழுதணும். சொல்லாமக் கொள்ளாம எப்பிடிப் பூட்டுவாங்க? அதுக்குப் பொறகு சொல்றேன்.”

ரெங்கம்மா துணி வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். கலாராணி கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. மணி நாலு அடித்ததும் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தாள். காலம் முடிந்துவிட்டது என்று இருந்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மத்தியானச் சோற்றைப் போட்டு உட்கார்ந்தாள்.