திருவாதவூர் போன போன்

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும், சென்னையில் வேலை பார்க்கும் மகள் வந்து எங்கள் இருவர் போனிலும் ஒரு செயலியை ஏற்றினாள். அவர் இருக்கும் இடம் என் போனில் நீலப் புள்ளியாகத் தெரியும்.

"அப்பா வாக்கிங் போறாரா, வடைக் கடைக்குப் போறாரான்னு நீ வீட்ல இருந்தே பாத்துக்கலாம்மா" என்றாள். அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

முதல் வாரமே மாட்டினார் என்று நினைத்தேன். ஒத்தக்கடை மெயின் ரோட்டு பேக்கரியில் புள்ளி இருபது நிமிடம் நகராமல் நின்றது. ஸ்கூட்டியில் போய் மேசை மேசையாகத் தேடினேன். ஆளில்லை. வெளியே வந்தால், பக்கத்து சலூனில் முகமெல்லாம் நுரையோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன, பப்ஸ் வாங்க வந்தியா?"

சலூனே திரும்பிப் பார்த்தது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, இரண்டு பப்ஸ் வாங்கி வந்து நானே தின்றேன்.

அதன்பின் புள்ளி ஒழுங்காக நடந்தது. சாயங்காலம் ஐந்தரைக்குக் கல்லூரி மைதானத்துக்குப் போகும், ஆறு சுற்று சுற்றும், வீடு திரும்பும். நடக்கிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று அந்த நேரத்தில் நான் கூப்பிடுவதில்லை. மகளிடமும் பெருமையாகச் சொல்லியிருந்தேன். மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்த்தால் சர்க்கரை ஏறியிருந்தது. "மாத்திரை ஒத்துக்கல போல" என்றார். டாக்டரும் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்.

ஒருநாள் ஆறரை மணிக்குப் பார்க்கிறேன், புள்ளி மேலூர் ரோட்டில் வண்டி வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. மயக்கம் போட்டு, யாராவது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்களோ என்று ஸ்கூட்டி சாவியை எடுத்தேன். ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்தால், அவர் எதிரே நிற்கிறார்.

"எங்க கெளம்பிட்ட?"

போனைப் பார்த்தேன். "நீங்க திருவாதவூர் கிட்ட போய்க்கிட்டிருக்கீங்க" என்றேன்.

"இங்கனதான நிக்கிறேன்."

"போன் எங்க?"

சட்டைப் பையைத் தொட்டார். பேண்ட் பையைத் தொட்டார். பிறகு தரையைப் பார்த்தார். நான் அவருடைய எண்ணுக்கு அடித்தேன். எடுத்தது அவரோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர். அவரும் அதே மைதானத்தில் நடப்பவர். நான் வாய் திறப்பதற்குள், கூப்பிடுவது என் வீட்டுக்காரர்தான் என்று நினைத்து அவரே பேசினார்.

"மாப்ள, தப்பா நெனைக்காத. ஊர்ல இருந்து அவசரமாக் கூப்பிட்டாங்க, ஒன் போனும் என் பையிலயே வந்துருச்சு. தங்கச்சி கேட்டா எதையாச்சும் சொல்லிச் சமாளி. இன்னைக்கு ஒனக்கு எட்டு ரவுண்டு போட்டிருக்கேன்."

"தங்கச்சிதாண்ணே பேசுறேன்."

"நல்லா இருக்கியாம்மா?" என்றார்.

செயலி பொய் சொல்லவில்லை. போன் தினமும் நடந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் மைதானத்து வாசலில் இருக்கும் கடையில் உட்கார்ந்திருக்கிறார்.

மறுநாள் காலை ஸ்கூட்டியின் பின்னால் அவரை உட்கார வைத்துக்கொண்டு திருவாதவூர் போனேன். நண்பர் போனை நீட்டினார்; என் முகத்தைப் பார்க்கவில்லை. "போனு நடந்தாப் போதும்னான். நான் எப்படியும் நடக்குறவந்தானம்மா" என்றார். அவர் மீது கோபப்பட எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

திரும்பும் வழியில் கேட்டேன். "தெனமுமா?"

"தெனமும் இல்ல. ஞாயித்துக்கெழம கடை லீவு."

"எம்புட்டு?"

"நாலு பணியாரம். பருத்திப்பால் ஒரு கிளாஸ்." கொஞ்ச தூரம் போனதும், "சின்னக் கிளாஸ்" என்றார்.

சிரிப்பு வந்துவிட்டது. வண்டியை ஓரமாக நிறுத்திச் சிரித்து முடித்த பிறகுதான் ஓட்ட முடிந்தது. அவர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து நானும் கூடவே நடக்கிறேன். அந்தக் கடையைத் தாண்டும்போது மட்டும் அவர் நடை மெதுவாகிறது. கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. அடுத்த முறை சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருந்தது. டாக்டர் அவரைப் பாராட்டினார். அவரும் அடக்கமாக ஏற்றுக்கொண்டார்.