தண்ணி வருதா?

கணினி வரைபடத்தில் குடிநீர்க் குழாய்களைக் கோடாகப் போடும் ஜி.ஐ.எஸ். பிரிவில் எனக்கு வேலை. நீலக் கோடு இருந்தால் அந்தத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் உண்டு, லாரி போகாது. வீடு வீடாகக் கேட்டுக் கணக்கெடுப்பவர்கள் எழுதி வருவதை வைத்துத்தான் கோடு விழும். அவ்வளவுதான் கணக்கு.

திருவொற்றியூரில் கடலோரத் தெரு ஒன்றிலிருந்து தண்ணீர் வரவில்லை என்று புகார் வந்தது. வரைபடத்தில் நீலக் கோடு பளிச்சென்று இருந்தது. ஏதோ அடைப்பு என்று நினைத்து ஆட்களோடு போய், கோடு காட்டிய இடத்தில் தோண்டினோம். மணல்தான் வந்தது. இன்னும் தள்ளித் தோண்டினோம். அங்கேயும் மணல். அந்தத் தெருவில் குழாயே இல்லை. இல்லாத குழாயை நம்பி, அதுவரை வந்துகொண்டிருந்த தண்ணீர் லாரியையும் நிறுத்தியிருக்கிறார்கள்.

குடத்தோடு நின்ற ஒரு பெண்ணிடம், கணக்கெடுக்க வந்தவர்கள் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். லாரி நின்றபின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து அவளுடைய மகள் வயிற்றுப்போக்கில் உள்ளே சுருண்டு கிடந்தாள்.

"தண்ணி வருதான்னு கேட்டாங்கோ சார். வருதுன்னேன். லாரி வந்துகினுதானே இருந்துச்சு."

இந்தப் பக்கம் 'தண்ணி வந்துச்சு' என்றால் லாரி வந்தது என்று அர்த்தம். கேட்கப் போன புண்ணியவான்களுக்கு அதுகூடத் தெரியவில்லை. அந்த 'வருது'தான் நீலக் கோடாகியிருக்கிறது.

அதிகாரிக்கு போன் போட்டேன்.

"லைன் இருக்கேப்பா, எப்படி லாரி அனுப்பறது?"

"லைனா? நான் குழியில நின்னுதான் பேசறேன் சார். வந்து தேடிக் குடுங்க."

கொஞ்ச நேரம் கத்திய பிறகு லாரிக்குச் சம்மதித்தார்.

அதற்குள், அவள் 'வருது' என்று சொன்னதால்தான் லாரி நின்றது என்ற பேச்சு தெருவெல்லாம் பரவிவிட்டது. "உன்னாலதான் இம்மாம் பேஜாரா?" என்று ஒருத்தி அவளைக் கேட்டாள். கேள்விதான் தப்பு, அவங்க சொன்னது சரிதான் என்று தொண்டை கிழியச் சொன்னேன். யார் காதில் ஏறும்?

சாயங்காலம் லாரி வந்ததும் குடங்கள் முண்டின. அவள் கடைசியில் போய் நின்றாள்.

"உள்ள குழந்த கெடக்குதேம்மா, முன்னாடி வாங்க" என்றேன்.

"வேணாம் சார். அவங்கோ புடிக்கட்டும்."

யாரும் அவளுக்கு வழிவிடவில்லை. அவள் முறை வந்தபோது லாரியின் குழாய் இருமி இருமி நின்றது. குடத்தில் பாதிதான் இருந்தது. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.