ஆஃப் தாங்க்கா

ஒரு லைட் எரியுதா இல்லியான்னு உங்களால பார்த்து சொல்ல முடியுமா? முடியும்னு தான சொல்லுவீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன், பி.இ. முடிச்ச திமிருல. எங்க பெஞ்சுல ஸ்கிரீன் ஒடஞ்ச பழைய போன் ஒண்ணு கெடக்கும். சிம் கெடையாது, கம்பெனி வைஃபை மட்டும். இன்ஃப்ராரெட் லைட் எரிஞ்சா நம்ம கண்ணுக்குத் தெரியாது, அந்த போனோட முன்பக்க கேமராவுக்குத் தெரியும். ஸ்கிரீன்ல வெள்ளையா ஒரு பொட்டு வரும். பொட்டு இல்லன்னு பார்த்துட்டு தான் லென்ஸ் கிட்ட மூஞ்சியக் கொண்டு போவணும். ரூல் அவ்ளோதான்.

செஞ்சில நெல்லு குடோனா இருந்த எடத்துல தான் எங்க கம்பெனி. மைக்ரோஸ்கோப்புக்கும் ஃபேக்டரி கேமராவுக்கும் பவர்ஃபுல் எல்.இ.டி லைட் பண்றோம். சாதா பல்பு மாதிரி வெளிச்சம் விரியக் கூடாது, நேர் கோடா போவணும். அதுக்கு நீளமா எடம் வேணும், அதான் குடோன். இந்தக் கோடில லைட்ட வச்சு லென்ஸ கொஞ்சம் கொஞ்சமா திருகினா, அந்தக் கோடி சுவத்துல எல்.இ.டி சிப்போட சதுரம் விழும். அதுக்குள்ள முடி மாதிரி ஓடுற கம்பி பளிச்சுன்னு தெரிஞ்சா வேலை முடிஞ்சுது. எனக்கு கிட்ட போய் நின்னா தான் தெரியும். அக்காவுக்கு உக்காந்த எடத்துலேந்தே தெரியும்.

அக்கான்னா சொந்தம் இல்ல, பக்கத்து பெஞ்சு. தளவானூர்லேந்து ஸ்கூட்டில வரும். பி.எஸ்சி பிசிக்ஸ். அது வூட்ல கழனி வேலைக்குப் போவாத மொத ஆளு. "இன்னா இன்ஜினியரு, கம்பி தெரிஞ்சுதா, இல்ல நான் வரணுமா?"ன்னு தெனமும் ஓட்டும்.

அன்னிக்கி காலைல மேட்ச். என் போன்ல சார்ஜ் இல்ல. பெஞ்சு போன தூக்கி மடில வச்சு பார்த்துக்கினு இருந்தேன். அக்கா ஒரு இன்ஃப்ராரெட் யூனிட்ட துடைக்க எடுத்துச்சு. அதோட சுவிட்ச் என் பக்கம் இருந்துது.

"டேய் தம்பி, ஆஃப் தான?"

"ஆஃப் தாங்க்கா."

தலையே தூக்கல நான். ஒரு விக்கெட் விழுந்துது அப்போ. அக்கா லென்ஸ்ல தூசி இருக்குதான்னு வலது கண்ண கிட்ட வச்சு நிதானமா பார்த்துச்சு. கூசினா தான மூஞ்சிய திருப்பும்? ஒண்ணுமே தெரியல அதுக்கு.

"இன்னாடா இது, யூனிட்டு பின்னாடி சுடுது?"ன்னு கேட்டுச்சு. எட்டி சுவிட்ச அணைச்சேன். அக்கா லென்ஸ துடைச்சுக்கினு இருந்துது, கவனிக்கல.

சாயங்காலம் அக்காவுக்கு எழுத்து மறைஞ்சுது. பாண்டிச்சேரில டாக்டர் பார்த்துட்டு, கண்ணுக்குள்ள நடுவுல வெந்துருக்குது, முழுசா திரும்புமான்னு சொல்ல முடியாதுன்னாரு. மறுநாள் ஓனர் சார் எங்கள கூப்ட்டு கேட்டாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அக்காவே சொல்லிடுச்சு: "தம்பி போன்ல பார்த்துட்டு தான் சார் ஆஃப்னு சொன்னான். பவர் சப்ளை தான் கோளாறு, தானா ஆன் ஆயிருக்குது."

சார் ரெண்டு நாள் அந்த பவர் சப்ளைய பிரிச்சுப் போட்டு தேடினாரு. அதுல ஒரு கோளாறும் இல்ல.

இப்போ அக்கா பேக்கிங்ல. அதோட பெஞ்சு எனக்கு வந்துடுச்சு. போன வாரம் காலண்டர் முன்னாடி நின்னு இடது கண்ண பொத்திக்கினு சிரிச்சுது. "தேதிய பார்த்தா தேதி மட்டும் காணோம்டா. சுத்தி இருக்குற சாமியெல்லாம் தெரியுது." சிரிச்சுட்டு, சும்மா கேக்குற மாதிரி கேட்டுச்சு: "நீ பார்த்த தான?"

"பார்த்தேங்க்கா."

அக்காவுக்கு உண்மைய எழுதி அனுப்பத்தான் என் போன்ல இத டைப் பண்ண ஆரம்பிச்சேன், ஊருக்கு சொல்ற மாதிரி ஆயிடுச்சு. இன்னும் அனுப்பல. பெஞ்சு போன் எதுக்க நிக்குது, ஸ்கிரீன்ல வெள்ளப் பொட்டு. யூனிட் ஆன்ல இருக்குது. பக்கத்து ரூம்ல அக்கா டேப் கிழிக்கிற சத்தம் கேக்குது.