கறி எடுத்த செவ்வாய்க்கிழமை

செவ்வாய், வெள்ளியில் கறி சமைக்கக் கூடாது என்பது எங்கள் காம்பவுண்டில் வீட்டுக்கார அம்மாவின் சட்டம். இன்று காலை பக்கத்து வீட்டு டெய்லர் அந்தோணி, கறிப்பையோடு அவரிடமே மாட்டிக்கொண்டார்.

“ஏனுங்க அந்தோணி, இன்னைக்குச் செவ்வாயிங்க!”

“நாளைக்கு விபூதிப் புதனுங்கம்மா. ஈஸ்டர் வரைக்கும் எங்க ஊட்டுல கறி கிடையாதுங்க. இன்னைக்கு உட்டா அவ்வளவுதானுங்க.”

அம்மா அசையவில்லை.

“வெளிநாட்டுல நோன்பு தொடங்கறதுக்கு முன்னாடின்னு இன்னைக்கு முகமூடி மாட்டிட்டுத் தெருவுல ஆடறாங்க. அதுக்குப் பனியன் தெச்சு அனுப்புனதே எங்க கம்பெனிதானுங்க. நானென்ன ஆடறேன்னா கேட்டேன்? அரைக்கிலோ கறிதானுங்க.”

“நீங்களும் ஆடிக்கங்க. அதுல வாசம் வராது.”

பத்திரிகை நிருபரான நான் குறுக்கிட்டு வரலாற்றைச் சொன்னேன். அந்தக் காலத்தில் நோன்புக்கு முன் வீட்டிலிருக்கும் கறி, முட்டை, வெண்ணெய் எல்லாவற்றையும் தின்று தீர்ப்பார்கள். நோன்பு புதனன்று தொடங்குவதால் கடைசி விருந்து செவ்வாயில்தான் வரும்.

“வருசா வருசமுங்களா?”

“ஆமாங்க.”

“அடுத்த வருசம் உங்க சாமியார்கிட்டச் சொல்லித் திங்கக்கிழமைக்கு மாத்தச் சொல்லுங்க. இப்ப மொட்டை மாடியில ஸ்டவ் வெச்சு ஆக்கிக்கங்க.”

மதியம் மசாலா வாசம் தெருமுனை வரை வந்தது. தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவருவதாக மாடி ஏறிய அம்மாவின் வீட்டுக்காரர் ஒரு மணி நேரமாகியும் இறங்கவில்லை.

அவர் எங்கே என்று அம்மா இப்போது என்னிடம் கேட்கிறார். உண்மையைச் சொல்வது நிருபருக்கு அழகு. ஆனால் நான் இங்கே வாடகைக்கும் இருக்கிறேன். என்ன சொல்லட்டும்?