ஆடும் முன் எழுதிய நகர்த்தல்

பாபநாசத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்று. நாற்பத்தேழு வயதில் முதல்முறையாகக் கலந்துகொண்ட நான் அதுவரை நான்கு ஆட்டங்களிலும் தோற்றிருந்தேன். அரைப் புள்ளியாவது இல்லாமல் தரப்பட்டியலில் பெயர் ஏறாது. ஒரு டிரா போதும். அதை எடுக்காமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்தேன்.

எதிரே திருத்துறைப்பூண்டியில் விதைநெல் கடை வைத்திருப்பவர். குறுவைக்கான விற்பனை தொடங்குமுன் ஆடிவிட்டுப் போக வந்திருந்தார். காலையில் டீ குடிக்கும்போதே நான் பத்திரிகையில் வேலை பார்த்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

எனக்குக் கறுப்புக் காய்கள். மூன்று மாதம் படித்த கேரோ-கான் என்ற தற்காப்புத் தொடக்கத்தை ஆடினேன். நான்கு நகர்த்தல்கள் படித்தபடியே போயின. ஐந்தாவதில் அவர் ராணியை ராஜாவுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். சொந்த பிஷப்பின் வழியையே அடைக்கும் அந்த நகர்த்தல் எனக்கு அலட்சியமாகத் தெரிந்தது. என் இரண்டாவது குதிரையை வெளியே எடுக்க முடிவுசெய்து, அதை நகர்த்தல் குறிக்கும் தாளில் எழுதிவிட்டுக் கையை நீட்டினேன்.

பின்னால் நின்ற நடுவர் தடுத்தார். நகர்த்திய பிறகுதான் எழுத வேண்டும். மறுபடி செய்தால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகத் தருவேன் என்றார். முடிவு வருமுன் தலைப்பை எழுதிவைப்பது இருபது வருடச் செய்தியறைப் பழக்கம். எழுதியதை அடித்தேன்.

"ஏன் அடிக்கிறீங்க மேடம்? எழுதினதையே ஆடுங்க. பேப்பர்காரங்க நடக்குறதுக்கு முன்னாடியே எழுதுறவங்கதானே" என்றார் எதிராளி.

தொட்ட காயைத்தான் ஆட வேண்டும், எழுதியதை ஆடக் கட்டாயமில்லை என்று நடுவர் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் எதிராளி அவ்வளவு ஆசைப்பட்டது எனக்கு உறுத்தியது. பலகையை மறுபடி பார்த்தேன்.

என் குதிரையை எடுத்திருந்தால் அடுத்த நகர்த்தலிலேயே எனக்கு மேட். அவருடைய குதிரை உள்ளே குதிக்கும். என் ராஜாவைச் சுற்றி என் காய்களே நிற்பதால் ஒதுங்க இடமில்லை. அவர் குதிரையை வெட்ட என் சிப்பாய் குறுக்கே நகர்ந்தால், என் ராஜாவை நோக்கி அவர் ராணியின் நேர்வழி திறந்துவிடும். அந்தச் சிப்பாயையே நேராக ஒரு கட்டம் முன்னால் வைத்தேன்; ராணியின் வழி அடைபட்டே இருக்கும், ராஜாவுக்கும் ஒதுங்க இடம் கிடைக்கும்.

"தெரிஞ்சிருச்சா" என்றார் எதிராளி.

மூன்று மணி நேரம் கழித்து இருவரிடமும் ஒவ்வொரு யானை. எனக்கு ஒரு சிப்பாய் குறைவு. டிரா கேட்டேன், தலையை ஆட்டி மறுத்தார். சாப்பாட்டுக் கூடத்தில் இலை போட ஆரம்பித்திருந்தார்கள். அவருடைய ராஜா முன்னேறும்போதெல்லாம் யானையால் செக் வைத்தேன். அவர் ஒதுங்கினார், திரும்ப வந்தார், திரும்பவும் வைத்தேன். இரண்டாம் பந்தியும் முடிந்த பிறகு, கடிகாரத்தை நிறுத்திவிட்டு டிராவுக்குக் கையை நீட்டினார்.

"அரைப் புள்ளிக்கா மேடம் இவ்வளவு நேரம்?"

"அதுக்குத்தாங்க வந்தேன்" என்று ஆட்டத் தாளில் கையெழுத்துப் போட்டேன்.