அண்ணா சிரிக்கவில்லை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் பெரியோர்களுக்கும் உற்றார் உறவினருக்கும் நண்பர்களுக்கும் என் நமஸ்காரம். அண்ணா எங்களை விட்டுப் போய் வருஷம் ஒன்று ஆகிவிட்டது. அவர் எப்படி வாழ்ந்தார் என்பது உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எப்படிப் போனார் என்பதுதான் உங்களுக்குத் தெரியாது. துக்கம் விசாரிக்க வந்தவர்களும், ஊரிலிருந்து கடிதம் போட்டவர்களும், "சிரித்த முகத்தோடு போய்விட்டார், கொடுத்துவைத்தவர்" என்றே சொன்னீர்கள். ஆறுதலுக்காகச் சொன்னீர்கள், தெரியும். இந்த மலருக்காக முதலில் நானும் அப்படித்தான் எழுதினேன். ஆனால் அது நிஜமில்லை.

அண்ணா பிறந்தது தஞ்சாவூர் ஜில்லாவில், காவிரிக் கரையில் ஒரு சின்ன ஊரில். அப்பா காலமானபோது அண்ணா பள்ளிக்கூடத்துப் பையன். நான் தவழ்கிற குழந்தை. மெட்ரிகுலேஷன் தேறி, டைப்பும் சுருக்கெழுத்தும் பழகி, கல்கத்தாவில் மதராஸி குமாஸ்தா என்றால் கூப்பிட்டு வேலை கொடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி ரயிலேறினார். யாரும் கூப்பிடவில்லை. பவானிபூரில் நம்மவர்கள் சேர்ந்து நடத்திய மெஸ்ஸில் ஒண்டிக்கொண்டு, முறை போட்டுச் சமைத்து, கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். கப்பல் ஏஜென்ஸி ஒன்றில் வேலை நிலைத்ததும் அவர் செய்த முதல் காரியம் அம்மாவையும் என்னையும் வரவழைத்ததுதான். எனக்குக் கல்யாணம் செய்து, அடுத்த சந்திலேயே குடியும் வைத்த பிறகுதான் தமக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். அப்படி வந்தவள்தான் மன்னி. அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை.

இவ்வளவு பாரம் சுமந்த மனிதர் சிடுசிடுவென்று இருந்திருக்கலாம். யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். அண்ணாவோ வீட்டுக்குள் காலை வைத்தாலே கொட்டம்தான். ஒருவரைப் பத்து நிமிஷம் பார்த்தால் போதும், அவராகவே மாறிவிடுவார். மீன்காரி பேரம் பேசுவது, காளிகாட் கோவில் பண்டா யாத்திரீகனை வளைத்துப் பிடிப்பது, எங்கள் சித்தப்பா மூக்குப்பொடி போடுவது எல்லாம் அத்துப்படி. எல்லாவற்றிலும் பெயர் பெற்றது அவருடைய கம்பெனித் துரை. அந்தத் துரை வாயிலிருந்து புகைக்கும் சுங்கானை எடுக்காமல், பல்லைக் கடித்தபடியே பேசுவாராம். அண்ணா அப்படியே பல்லைக் கடித்துக்கொண்டு உத்தரவு போட ஆரம்பித்தால், சமையலறையில் இருக்கும் மன்னிக்குக்கூடக் கரண்டி நழுவிவிடும்.

அந்தச் சாமர்த்தியமே அவருக்கு எமனாக வந்தது.

சென்ற வருஷம் புரட்டாசியில், மழை விட்ட ஒரு நாள், கார்டன் ரீச் கப்பல்துறையில் சரக்கு இறங்குவதைப் பார்வையிடப் போனவர் உடைந்த பெட்டிப் பலகை ஒன்றின் மேல் காலை வைத்துவிட்டார். துருப்பிடித்த ஆணி, ஜோட்டின் அடியைத் துளைத்துக் குதிகாலில் இறங்கியது. பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து வைத்துக் கட்டினாள். புண் மேலே நன்றாக மூடிக்கொண்டது. காற்றுப் படாமல் மூடிக்கொள்ளும் ஆழமான புண்ணில்தான் இந்த நோய் வளரும் என்பதை நாங்கள் பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

நவராத்திரி வந்தது. அம்மா கொலு வைத்திருந்தாள். சாயங்காலம் பெண்டுகள் வெற்றிலை பாக்குக்கு வந்திருந்தார்கள். கீழ்க்கட்டில் குடியிருக்கும் வங்காளி அம்மாளும் வந்திருந்தார். அவரை நாங்கள் மாஷிமா என்று கூப்பிடுவோம். அவர்கள் பாஷையில் சித்தி, பெரியம்மா மாதிரி. ஆபீஸிலிருந்து வந்த அண்ணாவிடம் மன்னி சுண்டல் கிண்ணத்தைக் கொடுத்தாள். அவர் ஒரு வாய் போட்டுக்கொண்டார். மெல்லவில்லை. பல்லைக் கடித்தபடியே, "வாய் தொறக்கலை. தாடையைப் பிடிச்சுண்டுடுத்து" என்றார்.

கூடத்தில் சிரிப்பு வெடித்தது.

"ஸாஹேப் வந்துவிட்டார்!" என்று மாஷிமா வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"போறும்டா உன் கூத்து. நாலு பேர் வந்திருக்கற எடத்துலே," என்று அம்மா கடிந்துகொண்டாள். அவளுக்கும் சிரிப்புத்தான்.

அண்ணா தலையை ஆட்டினார், கையை விரித்தார், தாடையைத் தொட்டுக் காட்டினார். அது இன்னும் பிரமாதமாக இருக்கிறது என்று சிரித்தோம். கடைசியில் அவரே சலித்துப்போய் உள்ளே போய்ப் படுத்துவிட்டார். மறுநாள் காலை மன்னி கொடுத்த காபி வாயோரம் வழிந்தது. கழுத்து மரம்போல் விறைத்திருந்தது. அப்போதுதான் டாக்டருக்கு ஆள் ஓடியது.

டாக்டர் பாபு எங்கள் தெருவிலேயே இருக்கும் வங்காளி. தாடையைத் தொட்டுப் பார்த்தார், காலைக் காட்டச் சொன்னார், முகம் மாறிவிட்டது. இங்கிலீஷில் டெட்டனஸ், அவர்கள் பாஷையில் தனுஷ்டங்கார். நம் பக்கத்தில் வில்வாதம் என்போமே, அதுதான். உடம்பு வில்லாக வளைந்துவிடும். "ஏன் நேற்றே கூப்பிடவில்லை?" என்று கேட்டார். வேடிக்கை என்று நினைத்தோம் என்று எப்படிச் சொல்வது?

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாமா என்றதற்கு, வண்டியின் குலுக்கலே உயிரை வாங்கிவிடும் என்றார். புண்ணைக் கீறித் திறந்து கார்பாலிக் மருந்து விட்டுக் கழுவினார். இசிவு தணிய மார்பியா ஊசியும், தூங்க வைக்கக் குளோரல் மருந்தும் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சீரம் வேண்டும், குதிரையின் இரத்தத்திலிருந்து எடுப்பது, சீமையிலிருந்து வருவது என்றார்.

சித்தப்பா காளிகாட்டிலிருந்து வந்து நின்றிருந்தார். "குதிரை ரத்தமா? நம்மாத்துலேயா?" என்று இழுத்தார்.

"குதிரையோ கழுதையோ, என் பிள்ளை ஒடம்புலே ஏத்தச் சொல்லுங்கோ," என்றாள் அம்மா. "ஆசாரத்தை நான் அப்புறம் பாத்துக்கறேன்."

பூஜை விடுமுறை நெருங்கிக்கொண்டிருந்தது. பாதி மருந்துக் கடைகள் அடைத்திருந்தன. என் கணவர் அலைந்து அலைந்து வெறுங்கையோடு திரும்பினார். சேதி கம்பெனிக்குப் போயிற்று. சாயங்காலம் துரையே பனிக்கட்டியில் பொதிந்த மருந்தோடு வந்தார். சத்தம் இந்த நோய்க்கு ஆகாது, குதிரைக் குளம்பொலிகூடக் கேட்கக் கூடாது என்று வண்டியைத் தெருக்கோடியிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். மாடிப்படியில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் வாயில் சுங்கான் இல்லை. மன்னி அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

ஊசி போட்ட பிறகு டாக்டர் பாபு ஒளிக்காமல் சொன்னார்: "நரம்பில் ஏறிவிட்ட விஷத்தை இது எடுக்காது. இனிமேல் ஏறுவதைத்தான் தடுக்கும். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்போம். அதுவரை வெளிச்சம் கூடாது, சத்தம் கூடாது, யாரும் தொடக் கூடாது. எது பட்டாலும் இழுக்கும்."

அன்றிலிருந்து அது வீடாக இல்லை. ஜன்னல்களைச் சாத்திக் கம்பளி தொங்கவிட்டோம். பாத்திரம் தேய்ப்பதை மாஷிமா வீட்டுக்கு மாற்றினோம். முன்பே பிடுங்கியிருந்த கடைவாய்ப் பல்லின் இடைவெளியில் ரப்பர்க் குழாயைச் செருகி, மன்னி சொட்டுச் சொட்டாகப் பால் விட்டாள். அவள் ஒருத்தியைத்தான் கிட்டே விட்டார்கள். அம்மா கிட்டே போனால் அழுதுவிடுவாள், தொட்டுவிடுவாள் என்று டாக்டருக்குப் பயம். அம்மா அறையின் நிலைப்படியில் உட்கார்ந்தாள். அதற்கு அப்புறம் ஒரு முழம்கூட உள்ளே நகரவில்லை.

பிறகு இழுப்பு முகத்துக்கு வந்தது. உதடு இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு, பல் தெரிந்து, புருவம் மேலே ஏறி, பார்க்கிறவர்களுக்கு அச்சாகச் சிரிப்பது போலவே இருக்கும். எட்டிப் பார்த்தவர்கள், "சிரிக்கறானே, பொழைச்சுண்டுடுவான்" என்று அம்மாவின் காதில் சொல்லிவிட்டுப் போனார்கள். டாக்டர் பாபு என்னை மாடிப்படிக்கு அழைத்துச் சொன்னார். அது சிரிப்பல்ல, நோய் முகத்துச் சதையை முறுக்கிப் பிடித்திருக்கிறது; அவருக்கு நினைவு முழுவதும் இருக்கிறது, வலியும் முழுவதும் இருக்கிறது. அம்மாவுக்கு இந்த ஒரு நம்பிக்கையாவது இருக்கட்டும் என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு நாள் எல்லாரும் அசந்திருந்த நேரத்தில் குழந்தை அறை வாசலுக்கு ஓடிவிட்டது. அப்பா தனக்காகத்தான் முகத்தைக் கோணி விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்து, கைகொட்டிக் கலகலவென்று சிரித்தது. அந்தச் சத்தத்துக்கு அண்ணாவின் உடம்பு தலையும் குதிகாலும் மட்டும் படுக்கையில் பட, வளைந்து எழும்பியது. பாவம், அவள் என்ன கண்டாள்! அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிய எனக்கு அவள் வாயைப் பொத்துவதா, என் வாயைப் பொத்துவதா என்று தெரியவில்லை.

விஜயதசமியன்று காலை, வெயில் ஏறும் வேளையில் வந்த இழுப்பு மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. டாக்டர் பாபு குளோரோபாரம் காட்டிப் பார்த்தார். அது விடவில்லை. அண்ணா போய்விட்டார். முகத்தில் அந்த இழுப்பு இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் பார்த்தீர்கள்.

நன்றி சொல்ல வேண்டியதைக் கடைசியில் வைப்பது வழக்கம். அம்மாவைப் பற்றி எழுதிய பிறகு என்னால் எதுவும் எழுத முடியாது என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அண்ணாவைத் தம் சொந்தத் தம்பியாகவே எண்ணிக் கட்டிலோரம் நின்ற டாக்டர் பாபுவுக்கும், மருந்தைத் தாமே சுமந்து வந்த துரைக்கும், எங்கள் வீட்டு உலையையும் சேர்த்துத் தம் அடுப்பில் ஏற்றிய மாஷிமாவுக்கும், அண்ணாவைக் காளிகாட் மயானம்வரை தோள் கொடுத்துச் சுமந்த மெஸ் நண்பர்களுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். எதிர்வீட்டுப் பெரியவருக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. பரம்பரையாகத் துர்க்கா பூஜை நடக்கும் வீடு அது. கொட்டுக்காரர்கள் கிராமத்திலிருந்து வந்து இறங்கிவிட்டார்கள். அவர்களுக்குச் சாப்பாடு போட்டு, கூலியும் கொடுத்து, "மேளத்தைத் தொடாதீர்கள், எதிரே ஒரு பிள்ளை கிடக்கிறான்" என்று உட்கார வைத்துவிட்டார். பவானிபூர் முழுவதும் அதிர, எங்கள் தெருவில் மட்டும் அம்பாள் சத்தமில்லாமல் பூஜை ஏற்றுக்கொண்டாள்.

இனி அம்மாவைப் பற்றி. "புன்னகை மாறா முகத்துடன் இறைவனடி சேர்ந்தார்" என்று மலரில் எழுது, அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். எனக்கும் சரியென்று பட்டது. இந்த ஒரு வருஷமாக யார் வந்து அப்படிச் சொன்னாலும் அம்மா மறுத்ததில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். எழுதி முடித்துப் போன வாரம் அவளுக்குப் படித்துக் காட்டினேன். அந்த வரி வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை அடிச்சுடு."

"எதைம்மா?"

"சிரிச்சான்னு எழுதியிருக்கியே, அதை. அது சிரிப்பு இல்லேடி."

"உனக்கு யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? பெத்தவளுக்குத் தெரியாதா? அவன் சிரிச்சா கண்ணு முதல்லே இடுங்கும். அங்கே கெடந்தவன் கண்ணு ரெண்டையும் அகட்டிண்டு என்னையே பாத்துண்டிருந்தான். வாய் தொறக்கலை, அதான் அம்மான்னு கூப்பிடலை. கண்ணாலே கூப்பிட்டுண்டே இருந்தான். இதோ, இவ்வளவு தூரம்தான். நான் போகலை. தொட்டா இழுக்கும்னுட்டாளே. பிள்ளை கூப்பிடறதைப் பாத்துண்டே நிலைப்படியிலே உக்காந்திருந்தேன். நான் போகாம இருந்தா அவன் பொழைச்சுடுவான்னு உக்காந்திருந்தேன்."

அந்த வரியை அடித்துவிட்டேன்.