வெளியே போயிருக்கிறான், வந்துவிடுவான்

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கோபம் மூக்கின் நுனியில் என்பது கூட வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அன்று மெஷின் ரூம் சுவரில் அவர் ஸ்பேனரை விட்டெறிந்தபோது எலக்ட்ரீஷியனே ஒதுங்கிக்கொண்டார்.

“என்னண்ணே, மோட்டார் மேல கோபமா?”

“ஊர்ல இருக்கிற வரி ஆபீஸ் மேல! நான் அங்கதான் குடியிருக்கேனாம். இங்க வெளிநாட்டுல வாங்குற சம்பளத்துக்கு அங்கயும் வரி கட்டணுமாம். இல்லன்னா வீட்டை முடக்கிடுவாங்களாம். இங்க இருக்கிறவன்தான் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே புடுங்கிடறானே. ஒரே மாட்டை ரெண்டு பேர் கறந்தா மாடு என்னய்யா ஆகும்?”

“ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டுன லிஃப்ட் மாதிரி ஆயிட்டீங்க,” என்றார் எலக்ட்ரீஷியன். மெக்கானிக் முறைத்ததும் சிரிப்பை விழுங்கினார்.

லிஃப்ட் குழிக்குள் குனிந்து குனிந்தே முதுகு போய், நகக்கண்ணில் கிரீஸ் ஏறி ஊரில் கட்டிய வீடு அது. கீழே அக்கா குடியிருக்கிறாள். மாடி அறை அவருடையது. விடுமுறைக்கு எப்போதாவது போனால் படுப்பதற்கு அங்கே ஒரு கட்டில்.

ஆடிட்டர் போனில் விளக்கினார். “வெளிநாட்டுல இருக்கிறவர்னா ஊர்ல அந்த வீட்டுக்கு உண்டான வரியோட போச்சு சார். சம்பளத்தைத் தொட மாட்டாங்க. ஆனா ஓனர் இங்கயே குடியிருக்கார்னு வீட்டு வரியில சலுகை வாங்கியிருக்கீங்களே? அதை வச்சுத்தான் சம்பளத்துக்கும் வரி கேக்கறாங்க. யார் சொன்னது?”

யார் சொல்லியிருப்பார்கள்? உடனே அக்காவைக் கூப்பிட்டார்.

“வீட்டு வரிக்கு அளக்க வந்தவன்கிட்ட என்னக்கா சொன்ன?”

“ஓனர் இங்கதான் இருக்காரான்னான். ஆமான்னேன்.”

“நான் அங்கயாக்கா இருக்கேன்?”

“பின்ன, உடையவன் இல்லாத வீடுன்னு சொல்லணுமா? எனக்கு வாய் வருமாடா? வெளிய போயிருக்கான், வந்துடுவான்னேன்.”

“பால் பாக்கெட் வாங்கவா போயிருக்கேன்? அவன் வந்த ஒவ்வொரு தடவையும் இதையேவா சொன்ன?”

“நீ என்கிட்ட சொன்னதைத்தான் சொன்னேன். அடுத்த வருஷம் வந்துடறேன், அடுத்த வருஷம் வந்துடறேன்னு சொன்னது யாரு? பக்கத்து வீட்டுக்காரரா?”

சுருக்கென்றது. குத்தியது உண்மை என்பதால் ஆத்திரம் இன்னும் தலைக்கேறியது.

“வியாக்கியானம் போதும். ஆடிட்டரோட போய் ஆபீசர்கிட்ட சொல்லு, என் தம்பி இங்க இல்லன்னு.”

“சொல்ல மாட்டேன்.”

“அப்ப நடுத்தெருவுல நில்லு!”

போன் துண்டிக்கப்பட்டது.

சில நாள் கழித்து ஆடிட்டர் அழைத்தார். “அக்கா வந்தாங்க சார். ஆபீஸே திரும்பிப் பார்த்துச்சு. ‘என் தம்பி இங்க இல்ல. இருந்ததும் இல்ல. இனிமே வரவும் மாட்டான். எழுதிக்குங்க’ன்னு ஒரே போடு. சலுகையைத் திருப்பிக் கட்டிடுங்க, சம்பளத்தை விட்டுடுவாங்க. வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது.”

வீடு தப்பித்தது. ஆனால் ‘வரவும் மாட்டான்’ என்று சொல்லச் சொன்னது யார்? அந்தக் கேள்வியோடுதான் அக்காவைக் கூப்பிட்டார். அவள் முந்திக்கொண்டாள்.

“உன் கட்டிலைப் பிரிச்சுப் பரண்ல போட்டாச்சு. மாடியை வாடகைக்கு விட்டுட்டேன்.”

“யாரைக் கேட்டு விட்ட?”

“யாரைக் கேக்கறது? ஓனர்தான் இங்க இல்லையே. வாடகைக்கும் வரி உண்டாம், ஆடிட்டர் சொன்னார். அதையாவது ஒழுங்கா கட்டு.”